வகுப்புப் பாடமாகப் பிறந்த இசைத்தட்டு

1996ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஸ்காட்லாந்தின் பெருநகரமான கிளாஸ்கோவில், ஸ்டோ கல்லூரி என்னும் தொழிற்கல்வி ஸ்தாபனத்தில் சங்கீத வியாபாரம் பயின்றுகொண்டிருந்த மாணவர்கள், தங்கள் பாடத்தின் ஓர் அங்கமாக, அந்த ஊரிலேயே அதிகம் பேர் அறியாத ஓர் இசைக்குழுவின் பத்துப் பாட்டுகளைப் பதிவுசெய்து, ஆயிரம் இசைத்தட்டுகள் அச்சடித்து வெளியிட்டார்கள். குழுவின் பெயர் பெல் அண்ட் செபாஸ்டியன். தட்டின் பெயர் 'டைகர்மில்க்', அதாவது புலிப்பால். ஆயிரம் பிரதி என்பது தமிழில் புத்தகம் போடுகிறவர்களுக்குப் பழகிப்போன எண்ணிக்கை. அந்த ஆயிரத்தில் பாதியை நண்பர்கள் தலையிலும் உறவினர்கள் தலையிலும் கட்டிவிட்டு, மீதியைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்துப் பெருமூச்சு விடுவதும் பழகிப்போன அநுபவமே. கிளாஸ்கோ மாணவர்களின் தட்டுக்கு நேர்ந்த கதி வேறு. மூன்றே வருஷங்களில், பழந்தட்டு வியாபாரிகளிடம் அதன் ஒரு பிரதி சில நூறு பவுன் விலைக்குப் போயிற்று. தட்டைக் கண்ணாலும் கண்டிராத ரசிகர்கள், நகலெடுத்த நாடாக்களில் அதைக் கேட்டுக் கேட்டு, பத்துப் பாட்டுகளையும் வார்த்தை பிசகாமல் பாடத் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு தனிமனிதரின் மேதை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். பாட்டெழுதிய ஸ்டூவர்ட் மர்டாக்கிடம் மேதை இருந்ததென்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தட்டு உருவான விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு, அதில் சந்தைக்கு இருந்த பங்கு மிகச் சொற்பம் என்பதும், நோயாளியின் படுக்கையும், வேலையில்லாதவர்களுக்காக அரசாங்கம் நடத்திய பயிற்சி வகுப்பும், மாதாகோவிலைச் சேர்ந்த மண்டபத்தின் மேல்மாடியும், பொதுப்பணத்தில் நடந்த கல்லூரியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகொடுத்துத் தூக்கிவிட்டிராவிட்டால் அந்தப் பத்துப் பாட்டுகளும் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருக்கும் என்பதும் விளங்கும்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சங்கீத உலகத்தின் கோலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஒயாஸிஸ் என்னும் மான்செஸ்டர் குழு நெப்வொர்த் மைதானத்தில் இரண்டு இரவுகள் கச்சேரி செய்தபோது, இரண்டரை லட்சம் ஜனங்கள் கூடினார்கள். மின்சாரக் கிதாரை உச்ச சப்தத்தில் முழக்குவதும், பத்திரிகைக்காரர்களிடம் போட்டிக் குழுக்களைத் தூஷிப்பதும், குடித்துவிட்டு விமானத்தில் கலாட்டா செய்வதும் வீரலக்ஷணங்களாக மதிக்கப்பட்ட காலம் அது. அந்த ஆரவாரத்துக்குப் பக்கத்திலேயே, வேறொரு சின்னஞ்சிறு மரபும் பல வருஷங்களாக இருந்து வந்தது. பெரிய கம்பெனிகளின் தயவை நாடாமல், நாலைந்து நண்பர்கள் சேர்ந்து சொந்தப் பணத்தில் தட்டுப் போடுவதும், அட்டையைத் தாங்களே வரைந்து, தாங்களே ஒட்டி, தபாலில் அனுப்புவதும் அந்த மரபின் வழக்கங்கள். அதற்கு 'இண்டி' என்று பெயர். கிளாஸ்கோவுக்கு அதில் ஒரு பூர்விக உரிமையே உண்டு: 1980ஆம் ஆண்டையொட்டி அந்த ஊரில் ஆலன் ஹார்ன் என்பவர் நடத்திய 'போஸ்ட்கார்ட்' என்னும் கம்பெனியும், அவர் வெளியிட்ட 'ஆரஞ்ஜ் ஜூஸ்' குழுவின் தட்டுகளும், முரட்டுத்தனமில்லாமலும் பாப் சங்கீதம் பாடலாம் என்பதை இளைஞர்களுக்குக் காட்டின. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து 'ஸாரா' கம்பெனி அந்த மிருதுவான வழியையே பின்பற்றி, நூறு வெளியீடுகளோடு தன் காரியம் முடிந்ததென்று அறிவித்து, 1995ஆம் ஆண்டில் தானே கடையை மூடிக்கொண்டது. ஆகவே மர்டாக்கின் பாட்டுகள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. ஆனால் அவை வெளிவந்த சமயத்தில் அந்த மரபு ஏறக்குறைய அணைந்துபோன அடுப்பாகத்தான் இருந்தது.

மர்டாக் 1968ஆம் ஆண்டில், கிளாஸ்கோவுக்குத் தென்மேற்கே கடற்கரையில் உள்ள ஏர் என்னும் ஊரில் பிறந்தவர். கிளாஸ்கோவில் பல்கலைக்கழக மாணவராக இருந்த நாளில், நடன விருந்துகளில் பிறருக்காகத் தட்டுகளைத் தேர்ந்து போடுவதில் ஆசை கொண்டிருந்தாரேயொழிய, தாமே பாட்டுக் கட்டுவதில் அவருக்கு நாட்டமிருந்ததாகத் தெரியவில்லை. எண்பதுகளின் முடிவில் அவரை ஒரு நோய் பிடித்தது. சற்று நடந்தாலும் உடம்பு நாள்கணக்கில் துவண்டுவிடும்; படித்தால் தலை சுற்றும்; தூங்கி எழுந்தாலும் களைப்புத் தீராது; வெளிப்பார்வைக்கோ ஆளிடத்தில் ஒரு குறையும் தெரியாது. தீராத களைப்பு நோய் என்று இன்று வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளும் அந்த வியாதியை, அக்காலத்தில் பலர் சோம்பேறித்தனத்துக்கு இட்ட கௌரவமான பெயரென்றே நினைத்தார்கள். படிப்பு நின்றது, நண்பர் கூட்டம் கலைந்தது, பெற்றோர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இந்த நிலை ஏழு வருஷம் நீடித்தது. ஏழு வருஷம் என்பது, இருபது வயதுக்குமேல் இருக்கும் ஒருவருக்கு, சாமானியமான காலம் அன்று.

படுத்துக் கிடப்பவனுக்கு உலகம் ஜன்னல் வழியாகத்தான் தெரியும்; ஆனால் அந்த ஜன்னலை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, நடந்து திரிகிறவர்கள் கண்ணில் படாத விஷயங்கள் பல படும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பள்ளிக்கூடத்தை வெறுக்கும் சிறுமிகள், தனியே தேநீர் போட்டுக்கொண்டு வானொலியோடு பேசும் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதா வேண்டாமா என்று தயங்கும் வாலிபர்கள் ஆகிய இவர்களே மர்டாக்கின் பாத்திரங்கள். சிறுவயதில் கற்றிருந்த பியானோவை மறுபடியும் தொட்டார். ஒவ்வொன்றாகப் பாட்டுகள் வரத் தொடங்கின. நோய் சற்றுத் தணிந்ததும், ஹிண்ட்லண்ட் என்ற பகுதியில் உள்ள மாதாகோவிலைச் சேர்ந்த மண்டபத்தில் காவலாளாக அமர்ந்து, அதன் மேல்மாடியிலேயே குடியிருந்தார். கோவிலின் பாடகர் குழுவிலும் சேர்ந்துகொண்டார். பாப் பாடகர்கள் தெய்வபக்தியை வெளியே காட்டிக்கொள்வது நாகரிகமில்லை என்று கருதப்பட்ட காலத்தில், இந்த மனிதர் பாட்டிலும் பேச்சிலும் அதை மறைக்கவில்லை, பிரசாரம் செய்யவுமில்லை. அவருடைய கதாபாத்திரங்கள் பாவமன்னிப்புக் கேட்கப் போவார்கள். அங்கே நிகழ்வதோ பெரும்பாலும் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

குழு சேர்ந்த கதையில் 'பீட்பாக்ஸ்' என்னும் பயிற்சித் திட்டத்துக்கு முதலிடம் தர வேண்டும். வேலையில்லாத சங்கீதக்காரர்களுக்காக அரசாங்கம் ஏற்படுத்தியிருந்த அந்த வகுப்பில், கற்றுக்கொடுத்ததைவிடக் காத்திருந்ததே அதிகம் என்றுதான் அதில் இருந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். ஆனால் காத்திருக்கும் இடத்தில்தான் சிநேகம் பிறக்கும். மர்டாக் அங்கே ஸ்டூவர்ட் டேவிட் என்னும் மற்றொரு ஸ்டூவர்ட்டைச் சந்தித்தார். கதை எழுதுவதில் ஆசையுள்ள இந்தப் பாஸ் கிதார்க்காரர், அந்த நாள்களின் வரலாற்றைப் பின்னால் 2015ஆம் ஆண்டில் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். இருவரும் சில பாட்டுகளை முன்மாதிரியாகப் பதிவுசெய்தார்கள். டேவிட்டோடு ஒரே வீட்டில் குடியிருந்த ரிச்சர்ட் கோல்பர்ன் டிரம்ஸ் வாசிப்பவர். அவரோ ஸ்டோ கல்லூரியில் மேற்சொன்ன சங்கீத வியாபார வகுப்பின் மாணவர். முன்மாதிரி நாடா இந்த வழியாகக் கல்லூரிக்குப் போயிற்று.

அந்த வகுப்பை நடத்தியவர்களில் ஆலன் ராங்க்கின் ஒருவர். இவர் எண்பதுகளின் தொடக்கத்தில் 'அஸோஸியேட்ஸ்' என்னும் இரட்டையர் குழுவில் வாத்தியங்களை ஏற்றுக்கொண்டு, பிரிட்டனில் பிரபலமடைந்தவர். பெரிய கம்பெனிகளின் ஆடம்பரத்தையும் அதன் முடிவையும் நேரில் கண்டவர். வியாபாரத்தைக் கரும்பலகையில் கற்றுக்கொடுக்க இயலாது என்று கருதிய கல்லூரி, 'எலெக்ட்ரிக் ஹனி' என்ற பெயரில் சொந்தமாக ஒரு தட்டுக் கம்பெனியை வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு குழுவை மாணவர்களே தேர்ந்தெடுத்து, பதிவு, அட்டை, விளம்பரம், விற்பனை ஆகிய சகல காரியங்களையும் தாங்களே செய்து முடிக்க வேண்டும். அதுவே செய்முறைப் பரீட்சை. வழக்கமாக வெளிவருவது ஒன்றிரண்டு பாட்டுகள் கொண்ட சிறு தட்டு. மர்டாக்கிடம் ஏழு வருஷத்துச் சேமிப்பாகப் பாட்டுகள் குவிந்து கிடந்ததைக் கண்டு, அந்த வருஷம் முழு ஆல்பமாகவே போட்டுவிடலாம் என்று தீர்மானித்தார்கள். இது எவ்வளவு விசித்திரமான அதிர்ஷ்டம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மேடையில் சரியாக ஒரு கச்சேரிகூடச் செய்திராத குழுவிடம் முதல் தட்டாகவே ஆல்பம் கேட்கும் கம்பெனி உலகத்தில் வேறெங்கும் இருக்காது. லாபம் பார்க்க வேண்டிய அவசியமில்லாத கல்லூரி ஒன்றுதான் அப்படிக் கேட்கக் கூடும்.

குழு என்று சொன்னேனேயொழிய, ஆல்பம் போடுவதென்று நிச்சயமான சமயத்தில் குழுவே முழுதாகச் சேரவில்லை. திறந்த மேடைகளில் பாடிவந்த ஸ்டீவி ஜாக்ஸன் என்னும் தேர்ந்த கிதார்க்காரரை மர்டாக் தொடர்ந்து வற்புறுத்தி இணங்க வைத்தார். செல்லோ வாசிக்கும் இஸபெல் காம்ப்பெல்லைப் புதுவருஷக் கொண்டாட்டம் ஒன்றில் சந்தித்தார். கிறிஸ் கெடிஸ் பியானோவுக்கும் மற்றச் சுருதிப்பெட்டிகளுக்கும் வந்துசேர்ந்தார். மிக் குக் ட்ரம்பெட் ஊதிக் கொடுத்தார். 1996 ஜனவரியில், இரவெல்லாம் திறந்திருக்கும் ஒரு காப்பிக் கடையில் குழு பிறந்ததென்று அவர்களே எழுதிக்கொண்ட சரித்திரம் சொல்கிறது. பெயரை, ஸெஸில் ஓப்ரி என்ற பிரெஞ்சுப் பெண்மணி எழுதிய, ஒரு சிறுவனையும் அவனுடைய பெரிய வெள்ளை நாயையும் பற்றிய குழந்தைக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடராகவும் வந்து, அந்தத் தலைமுறைக் குழந்தைகள் அனைவருக்கும் தெரிந்திருந்த கதை.

மார்ச் மாதத்தில் பதிவு. இடம், கிளாஸ்கோவில் 'காவா' என்ற ஸ்டூடியோ. பழைய மாதாகோவில் கட்டடமொன்றில் அமைந்தது அது. இந்தக் கதையில் கோவில்கள் குறுக்கே வந்துகொண்டேயிருப்பதற்கு நான் பொறுப்பாளி அல்ல. ஒரு வாரத்துக்கும் குறைவான நாள்களில் பத்துப் பாட்டுகளும் பதிவாகிவிட்டன. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பெரிய குழுக்கள் ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாக எடுத்து, பிசகுகளையெல்லாம் களைந்து, பிறகு ஒட்டிச் சேர்ப்பது வழக்கம். இவர்களுக்கு அதற்குக் காலமுமில்லை, பணமுமில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் சேர்ந்து வாசித்ததை அப்படியே பிடிப்பதுதான் பெரும்பாலும் வழி. சந்தித்துச் சில வாரங்களே ஆன ஏழெட்டுப் பேர், ஒருவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பது நிச்சயமாகத் தெரியாமல், ஒருவரையொருவர் காது கொடுத்துக் கவனித்தபடி வாசிக்கும் அந்தப் பதற்றமும் மரியாதையும் தட்டிலேயே கேட்கின்றன. கிதார் முந்திக்கொண்டு போகாது. ட்ரம்பெட் தனக்கு இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவதுபோல் வரும். செல்லோ ஒரே வரியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். பாட்டுகளோ அவசரத்தில் எழுதப்பட்டவை அல்ல; வருஷக்கணக்கில் படுக்கையிலும் பியானோவிலும் மனத்துக்குள் திருத்தித் திருத்திப் பதம் பார்க்கப்பட்டவை. சாவகாசமாகப் பழுத்த பாட்டுகள், அவசரமாகப் பிடிக்கப்பட்ட சப்தம் என்ற இந்தச் சேர்க்கை யாரும் திட்டமிட்டு அடையக் கூடியதன்று. அந்தக் குழுவுக்கே மறுபடி வாய்க்கவில்லை.

முதல் பாட்டான 'தி ஸ்டேட் ஐ ஆம் இன்' கிதாரும் குரலும் மட்டுமாகத் தொடங்குகிறது. குரல் பெரியது அன்று. அடுத்த அறையில் யாரோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைவோடு பாடுகிறவருடைய குரல். சகோதரியின் கல்யாண நாளில் தன் அந்தரங்கத்தை வெளியிட்டுவிடும் அண்ணன், நாடு கடத்தப்படாமல் ஒரு பெண்ணைக் காப்பதற்காக அவசரமாகச் செய்துகொண்ட விவாகம், ஊனமுற்ற தோழியிடம் நடந்துகொண்ட விதம் என்று கதாநாயகன் தன் சங்கதிகளையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகிறான். போய்ப் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டால், அவர் அதையெல்லாம் வைத்து ஒரு மலிவுப் பதிப்பு நாவல் எழுதிவிடுகிறார்! ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு நாவலுக்கு வேண்டிய பாத்திரங்கள் வந்து போகிறார்கள். யாருடைய தலையிலும் தீர்ப்பு விழுவதில்லை. ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'மேரி ஜோ'வில், தனியாக வசிக்கும் ஒரு பெண் தேநீர் போட்டுக்கொண்டு ஒரு புத்தகம் படிக்கிறாள். அது எந்தப் புத்தகம் என்றால், முதல் பாட்டில் பாதிரியார் எழுதிய அதே நாவல். பெரிய தந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த மனிதர் பத்துத் தனிப் பாட்டுகளை எழுதவில்லை, ஒரு ஊரையே எழுதியிருக்கிறார் என்பது அப்பொழுது கேட்பவருக்குப் புலப்படுகிறது.

நடுவே வரும் பாட்டுகளில் 'எக்ஸ்பெக்டேஷன்ஸ்' எனக்கு மிகவும் பிரியமானது. பள்ளிக்கூடத்தில் பையன்களாலும் ஆசிரியர்களாலும் அவமதிக்கப்படும் ஒரு மாணவி, ஓவியப் பாடத்துக்காகக் களிமண்ணில் 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' என்ற அமெரிக்கக் குழுவின் உறுப்பினர்களை ஆளுயரத்துக்குப் பிசைந்துகொண்டிருக்கிறாள். அவளுக்காகப் பாட்டு அழுவதில்லை. அவள் பக்கத்தில் நின்று சிரிக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்கு ஏற்றாற்போல் ட்ரம்பெட் துள்ளுகிறது. 'வீ ரூல் தி ஸ்கூல்' என்பது பியானோவில் மிக மெதுவாகச் செல்லும் பாட்டு. இதைப் பாடகர் குழுவில் நின்று பழகியவர்தான் எழுதியிருக்க முடியும். 'எலெக்ட்ரானிக் ரினையஸன்ஸ்' மட்டும் இயந்திரத் தாளமும் மின்விசைச் சுருதியுமாக, மற்ற ஒன்பதோடும் ஒட்டாமல் நிற்கிறது. டெலிபோனில் பேசுவதுபோல் குரல் நசுங்கிக் கேட்கிறது. ரசிகர்களில் பலர் அதை ஒரு சாதுரியமான விலகலென்று புகழ்வார்கள். எனக்கென்னவோ இன்றைக்கும் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைக்கலாமா என்றுதான் தோன்றுகிறது.

அட்டைப்படத்தை மர்டாக்கே எடுத்தார். குளியல் தொட்டியில் ஓர் இளம்பெண் ஒரு பொம்மைப் புலிக்குப் பாலூட்டுகிறாள். ஒற்றை நிறச் சாயல் தோய்ந்த படம். குழுவினர் படமோ பெயர்களோ முகப்பில் இல்லை. ஒரே வர்ணத்தில் தோய்த்த புகைப்படம், அதில் குழுவைச் சேராத நண்பர் ஒருவர் என்ற இந்தச் சம்பிரதாயம் பின்வந்த தட்டுகள் பலவற்றிலும் நீடித்தது. கடையில் தூரத்திலிருந்தே இது இவர்களுடையது என்று ரசிகர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். தட்டோடு ஒரு சிறு கதையையும் அச்சிட்டிருந்தார்கள். ஹில்ஹெட் சுரங்க ரயில் நிலையத்துக்கு வெளியே செபாஸ்டியன் என்ற வாலிபன் இஸபெல் என்ற பெண்ணைச் சந்திக்கிறான் என்று தொடங்கும் அந்தக் கதையை உண்மைச் சரித்திரமென்றே பலரும் நம்பினார்கள். ஹில்ஹெட் நிஜமான நிலையம். பல்கலைக்கழகத்தை ஒட்டிய மேற்குக் கிளாஸ்கோவின் நடுநாயகமான இடம். பிற்காலத்தில் ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த இளைஞர்கள் அந்த வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள் என்றால், கதை எழுதியவருடைய சாமர்த்தியத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வெளியானபோது பெரும் பரபரப்பு ஒன்றும் ஏற்பட்டுவிடவில்லை. ஆயிரத்தில் ஒரு பகுதி நண்பர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் வானொலிக்கும் இலவசமாகப் போயிற்று. மான்செஸ்டரிலிருந்து பி.பி.ஸி.யின் முதலாவது வானொலியில் இரவு நிகழ்ச்சி நடத்திவந்த மார்க் ராட்கிளிஃப் அதை எடுத்துப் போட்டார். போட்டதோடு நிற்காமல் மறுபடியும் மறுபடியும் போட்டார். இரவில் தூக்கம் வராமல் வானொலி கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பது கடினம். ஆனால் இந்தப் பாட்டுகளுக்கு வேண்டியவர்கள் அவர்களேதான். கேட்டவர்கள் கடைக்குப் போனார்கள்; கடையில் தட்டு இல்லை. கல்லூரி மீண்டும் அச்சிடவில்லை. அதன் வேலை பாடம் நடத்துவதே தவிரக் கடை நடத்துவதன்று. ஆகவே காசெட்டுகளில் நகல் எடுப்பது தொடங்கிற்று. நகலுக்கு நகல், அதற்கும் நகல் என்று போகப் போக, பாட்டுக்குமேல் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. அந்த இரைச்சலோடு கேட்டவர்களுக்கு, யாரோ தமக்கென்று மட்டும் அனுப்பிய ரகசியக் கடிதம்போல் அது இனித்தது. கிடைக்காமையால் வந்த மோகம் என்று இதை இகழ்ந்தவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

பல கம்பெனிகள் தேடி வந்தன. லண்டனில் அப்பொழுதுதான் தொடங்கியிருந்த 'ஜீப்ஸ்டர்' என்ற சிறு கம்பெனியோடு குழு ஒப்பந்தம் செய்துகொண்டது; பெரிய இடங்கள் கொடுத்திருக்கக் கூடிய பணத்தைவிட, தங்கள் இஷ்டப்படி இருக்கலாம் என்ற உறுதிமொழியே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. ஆல்பத்திலுள்ள பாட்டைப் பிய்த்துத் தனித்தட்டாகப் போடுவதில்லை. பத்திரிகைகளுக்கு எப்பொழுதும்போல் பேட்டி தருவதில்லை. படம் கேட்டால் வேறு யாருடைய படத்தையாவது அனுப்பிவிடுவார்கள். இந்தப் பிடிவாதங்களை விளம்பரத் தந்திரம் என்றார்கள் பத்திரிகைக்காரர்கள். மர்டாக் இன்னமும் முழு ஆரோக்கியம் பெறாதவர் என்பதையும், அங்கத்தினர் பலருக்கு வேறு ஜீவனோபாயங்கள் இருந்தன என்பதையும் நினைத்துப் பார்த்தால், பாதியாவது வெறும் அசௌகரியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வருஷம் நவம்பரிலேயே இரண்டாவது ஆல்பமான 'இஃப் யூ ஆர் ஃபீலிங் ஸினிஸ்டர்' வந்துவிட்டது. வயலின் வாசிக்கும் ஸாரா மார்ட்டின் அதற்குள் குழுவில் சேர்ந்திருந்தார். அட்லாண்டிக்குக்கு இரு புறத்திலும் விமரிசகர்கள் கொண்டாடியது இந்த இரண்டாவது தட்டைத்தான். தொண்ணூறுகளின் சிறந்த ஆல்பங்களைப் பட்டியலிடுகிறவர்கள் இன்றளவும் குறிப்பிடுவதும் இதைத்தான். பாட்டுக்குப் பாட்டு எடைபோட்டால் அது ஒருவேளை உயர்ந்தே இருக்கலாம். ஆனால் குழுவுக்கே அதன் பதிவில் திருப்தி ஏற்படவில்லை. வாத்தியங்கள் மெலிந்து ஒலிக்கின்றன என்ற குறை அவர்கள் மனத்தில் தங்கிவிட்டது. 2005ஆம் ஆண்டில் லண்டன் பார்பிகன் அரங்கில் அந்த ஆல்பம் முழுவதையும் வரிசைப்படி வாசித்து, அந்தக் கச்சேரியைப் பதிவாக வெளியிட்ட பிறகுதான் மனம் ஆறிற்று.

அதற்குள் முதல் தட்டின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1997ஆம் ஆண்டில், குழு சேர்வதற்கு முன்னால் பதிவான முன்மாதிரிகளை வைத்து ஒரு சிறு தட்டு வெளியிட்டு, அதில் 'தி ஸ்டேட் ஐ ஆம் இன்' பாட்டின் பழைய வடிவத்தைச் சேர்த்தார்கள். அது பசியைத் தணிப்பதற்குப் பதிலாக வளர்த்துவிட்டது. 1999 பிப்ரவரியில் வேடிக்கையான ஒரு சம்பவம் நடந்தது. பிரிட்டிஷ் தட்டுக் கம்பெனிகள் வருஷந்தோறும் ஆடம்பரமாக நடத்தும் 'பிரிட்' பரிசளிப்பில், புதுமுகங்களுக்கான பரிசை நேயர் வாக்குகளைக் கொண்டு தீர்மானித்தார்கள். 'ஸ்டெப்ஸ்' என்னும் நடனக் குழுவுக்கே அது கிடைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, மூன்று ஆல்பம் வெளியிட்டுவிட்ட பிறகும் முகம் காட்டாத பெல் அண்ட் செபாஸ்டியனுக்குப் பரிசு போயிற்று. 'ஸ்டெப்ஸ்' குழுவின் பின்னாலிருந்த பிரபல தயாரிப்பாளர் பீட் வாட்டர்மன் வெகுண்டார். மாணவர்கள் கூடிக் கள்ள வாக்குப் போட்டுவிட்டார்கள் என்ற பேச்சுப் பத்திரிகைகளில் அடிபட்டது. அதே வருஷம் ஏப்ரலில், தென் இங்கிலாந்துக் கடலோரத்தில் கேம்பர் ஸாண்ட்ஸ் என்னும் விடுமுறை முகாமில், தங்களுக்குப் பிடித்த குழுக்களையெல்லாம் அழைத்து 'போலி' என்ற பெயரில் ஒரு வாரக்கடைசிச் சங்கீத விழா நடத்தினார்கள். 'ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ்' என்று பின்னால் புகழ்பெற்ற விழாக்களுக்கு அதுவே வித்து.

ஜூலை மாதத்தில் ஜீப்ஸ்டர் 'டைகர்மில்க்'கை மறுபதிப்பாக வெளியிட்டது. பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் இருபது இடங்களுக்குள் அது ஏறிற்று. இரைச்சல் இல்லாமல், பின்னணியில் கேட்கும் வாத்தியங்கள் துலக்கமாகக் காதில் விழ, முதன்முறையாக அதைக் கேட்டவர்கள் ஏமாறுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். கிடைக்காத பண்டம் கிடைத்துவிட்டால் அதன் மவுசு போய்விடுமல்லவா? ஏமாற்றம் பெரிதாக எழவில்லை. மூன்று வருஷத்துக்கு முந்திய அரும்பொருளாக அன்றி, புதிய தட்டைப்போலவே விமரிசகர்கள் அதை எடை போட்டார்கள். சிலர் இரண்டாவதற்கும் மேலே வைத்தார்கள்.

எதிர்க்கட்சியும் இல்லாமல் போகவில்லை. இவர்களுடைய சங்கீதம் பிள்ளைத்தனமானது, தேன்பாகில் ஊறியது, சண்டைக்கு லாயக்கற்றது என்று ஆரம்பத்திலிருந்தே ஒரு சாரார் சொல்லி வந்தார்கள். நிக் ஹார்ன்பியின் நாவலைத் தழுவி 2000ஆம் ஆண்டில் வந்த 'ஹை ஃபிடெலிட்டி' என்ற அமெரிக்கத் திரைப்படத்தில், தட்டுக் கடைச் சிப்பந்தி ஒருவன் வேலைக்கு வரும்போது கடையில் பெல் அண்ட் செபாஸ்டியன் பாடிக்கொண்டிருப்பதைக் கேட்டு, வசைபாடிக்கொண்டே அதை நிறுத்திவிட்டுக் குதூகலமான பாப் பாட்டொன்றைப் போடுவான். அரங்கு சிரிக்கும். ஆனால் கொச்சையான குற்றச்சாட்டு அது. களிமண் பிசையும் மாணவியின் பாட்டையும், பாவமன்னிப்பு நாவலாகும் பாட்டையும் சற்றே காது கொடுத்துக் கேட்டவர்கள், அந்த மென்மைக்குள் எவ்வளவு கூர்மையான முள் இருக்கிறதென்பதை அறிவார்கள். ஏழு வருஷம் படுத்துக் கிடந்தவரிடம் பிள்ளைத்தனத்தை எதிர்பார்ப்பதே விபரீதம்.

குழு பின்னர் பெரியதாயிற்று. ஸ்டூவர்ட் டேவிட் 2000ஆம் ஆண்டிலும், இஸபெல் காம்ப்பெல் 2002ஆம் ஆண்டிலும் விலகினார்கள். 2003ஆம் ஆண்டில் டிரெவர் ஹார்ன் என்னும் ஆடம்பரமான தயாரிப்பாளரோடு சேர்ந்து பளபளப்பான ஓர் ஆல்பம் போட்டார்கள். பேட்டியும் கொடுத்தார்கள், படமும் எடுத்துக்கொண்டார்கள். மர்டாக் தமது நோய்க்கால வாழ்க்கையைத் தழுவி 2024ஆம் ஆண்டில் ஒரு நாவலும் வெளியிட்டார்.

ஸ்டோ கல்லூரியோ தன் பாட்டுக்குத் தன் காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. 'டைகர்மில்க்'கின் கீர்த்தியை வைத்துக்கொண்டு கம்பெனியைப் பெரிதாக்கவோ பங்கு விற்கவோ அது முயலவில்லை. புதுவருஷம் பிறந்ததும் புது மாணவர்கள் வந்தார்கள். புதுக் குழு ஒன்றைத் தேடினார்கள். 1997ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டது 'போலார்பேர்' என்ற குழுவின் சிறு தட்டு. அந்தக் குழுவே பிறகு 'ஸ்னோ பேட்ரோல்' என்று பெயரை மாற்றிக்கொண்டு உலகப் பிரசித்தி பெற்றது. 2000ஆம் ஆண்டில் 'பிஃபி கிளைரோ' குழுவுக்குத் தட்டுப் போட்டார்கள். அவர்களும் பின்னால் பெரிய மைதானங்களை நிரப்பினார்கள். 2013ஆம் ஆண்டில் ஸ்டோ கல்லூரி வேறு இரண்டு கல்லூரிகளோடு இணைக்கப்பட்டு, கிளாஸ்கோ கெல்வின் கல்லூரி என்று பெயர் பெற்றது. ராங்க்கின் 2023 ஜனவரியில் காலமானார்.